இருபத்தைந்து மைல்

பாங்கோடு முகாமில் சோற்றுக்குக் குறைவில்லை. ராஜையனுக்கு அதுதான் தொண்டையில் அடைத்தது.

பர்மா அரிசி வருவது நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. முகாமின் முள்வேலிக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்து ஜனங்கள் ரேஷன் கடை முன்னால் பையோடு நின்று கால் கடுத்தார்கள். தெற்கே விளவங்கோட்டுப் பக்கம் மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்குதான். அதுவும் இல்லாத வீடுகளில் காட்டுக்கிழங்கைத் தோண்டி, தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்துக் கசப்பை இறக்கித் தின்றார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும் மத்தியான மணி அடித்ததும் லங்கர் என்கிற சமையல் கொட்டகையில் அண்டா அண்டாவாகச் சோறு ஆவி பறந்தது. சண்டைக்குப் போகிறவன் உடம்பில் பலம் வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு.

ராஜையன் பட்டாளத்தில் சேர்ந்து இரண்டு வருஷம். அதற்கு முன்னால் பனையேறிக்கொண்டிருந்தான். குழித்துறையிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி ஊர். வீட்டில் அம்மா ஞானப்பூ, மனைவி தாசம்மாள், மூன்று வயதுப் பெண் எஸ்தர். முகாமிலிருந்து வீட்டுக்கு இருபத்தைந்து மைல். அந்தத் தூரம் அவனுக்கு ஒரு தொந்தரவாகவே இருந்தது. வடக்கே எங்கேயோ கிடந்தால் மனசைக் கட்டிப்போட்டு விடலாம். இங்கே தெற்கிலிருந்து வரும் பஸ்ஸின் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைப் பார்த்தால்கூட அது தன் ஊர் மண்ணாக இருக்குமோ என்று தோன்றும்.

மாசி மாதம் ஒரு நாள், தட்டில் இருந்த சோற்றில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தான். அதைத் தண்ணீரில் அலசி, பிழிந்து, குளிக்கும் கொட்டகைக்குப் பின்னால் தரையில் விரிக்கிற ரப்பர் துணியைப் போட்டு அதில் பரப்பினான். இரண்டு வெயிலில் மணிமணியாகக் காய்ந்து போயிற்று. திரும்பவும் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் கஞ்சியாகும். அன்றிலிருந்து தினமும் அதுவே வழக்கமாயிற்று.

"லேய், ராஜையா, நீ பட்டாளத்துல சேந்தது காக்கா விரட்டவாலே?" என்று பக்கத்துக் கட்டில் பூதலிங்கம் கேலி செய்தான். பூதலிங்கம் பூதப்பாண்டிக்காரன். வயலும் களமும் உள்ள வேளாளர் வீட்டுப் பிள்ளை. ஊரில் என்றால் ராஜையன் அவன் வீட்டு முற்றத்துக்கு உள்ளே வந்திருக்க முடியாது. இங்கே இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கட்டில், ஒரே வரிசையில் தட்டு. கேலி செய்தாலும் தன் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ராஜையன் பக்கம் தள்ளுவான். லங்கர் ஹவில்தார் ஒருமுறை பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டபோது, "பயலுக்கு வயிறு சரியில்ல, பழைய சோறுதான் பிடிக்கும்" என்று அவன்தான் சமாளித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அவுட்பாஸ் கிடைத்தால் ராஜையன் மூட்டையைக் கட்டிக்கொண்டு கோட்டைக்கு நடப்பான். மாலைக்குள் திரும்ப வேண்டும் என்பதால் ஊருக்குப் போய்வர நேரம் போதாது. அங்கே நாகர்கோவில் பஸ் நிற்கும். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். கரி கிளறுகிறவன் திரவியம். நாற்பது வயதிருக்கும். முகம், கழுத்து, வேட்டி எல்லாம் ஒரே நிறம். ராஜையனின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன்; ஆனால் ராவும் பகலும் வண்டியோடுதான், ஊருக்குள் போவது அபூர்வம். குழித்துறைச் சந்திப்பில் யாராவது தெரிந்தவர் கையில் மூட்டையைச் சேர்த்துவிடுவான்.

"அம்மைக்காக்கும். கஞ்சி வெச்சுக் குடுக்கச் சொல்லணும். பல்லில்லாத வாயாக்கும்" என்று ஒவ்வொரு முறையும் ராஜையன் சொல்வான்.

"நீ சொல்லாட்டா எனக்கு அறியாதா? ஏத்து, ஏத்து" என்பான் திரவியம்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை தாசம்மாளிடமிருந்து கடிதம் வரும். அவளுக்கு எழுதத் தெரியாது. முதலில் சபை உபதேசியார் எழுதிக் கொடுத்தார். உருண்டை உருண்டையான எழுத்து, தலைப்பில் ஒரு வேதவசனம். வைகாசியிலிருந்து எழுத்து மாறிவிட்டது. ஒல்லியாக, வலது பக்கம் சாய்ந்த எழுத்து. தபாலாபீஸ்காரரின் மகள் எழுதித் தருகிறாள் என்று ஒரு வரி இருந்தது. உபதேசியாருக்கு ஆயிரம் ஜோலி இருக்கும் என்று ராஜையன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்து மாறினாலும் சங்கதி ஒன்றுதான். "இங்கே யாவரும் சுகம். நீங்கள் அனுப்பின சோறு கிடைத்தது. அம்மைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். முட்டுவலிக்கு நீங்கள் அனுப்பின தைலத்தைப் போடுகிறாள். எஸ்தர் உங்களைக் கேட்கிறாள்."

அந்தக் கடிதத்தை அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே காலை ஐந்து மணி பிகிலுக்கு எழுந்திருப்பான். செம்மண் மைதானத்தில் ஓடுவான். துப்பாக்கிக் குழாய்க்குள் எண்ணெய்த் துணியை இழுப்பான். பிற்பகல் வெயிலில் பதுங்குகுழி வெட்டுவான். மறுநாள் அதே குழியை மூடுவான். அம்மா கஞ்சி குடிக்கிறாள் என்பது அவனுக்குப் போதுமாக இருந்தது.

ஆவணியில் ஒரு நாள் அரிசி ஏற்றிவர சாலை என்ற கடைத்தெருவுக்கு லாரி போயிற்று. மூட்டை தூக்கும் ஆட்களில் ராஜையனும் ஒருவன். சாலையில் கிடங்குக்கு முன்னால் லாரியை நிறுத்திவிட்டு ஹவில்தார் உள்ளே போனார். எதிர்த்த கடையில் கருப்பட்டிச் சிப்பங்களை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். ஊர்க் கருப்பட்டி வியாபாரி தங்கப்பன். மாதம் ஒருமுறை சாலைக்குச் சரக்குக் கொண்டு வருகிறவர்.

"ராஜையன்தானா இது? தொப்பியும் காலுறையும் போட்டா ஆளு அடையாளம் தெரியல்லே மக்கா!"

ராஜையன் சிரித்துக்கொண்டு தெருவைக் கடந்தான். "ஊருல எல்லாரும் சொகமா, சித்தப்பா?"

"சொகந்தான். பின்னே, உனக்கு வர ஒக்கல்லே, என்ன செய்ய. பட்டாளக்காரன் நெனச்ச ஒடனே எறங்கி வர முடியுமா? சபையில எல்லாரும் அதைத்தான் பேசினோம். இருக்கப்பட்ட ஒரே மவன், ஒரு பிடி மண்ணு போட முடியல்லியேன்னு."

ராஜையன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "ஆருக்கு?"

தங்கப்பன் கையிலிருந்த சிப்பத்தைக் கீழே வைத்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடினால் நன்றாக இருக்கும். ஆனால் பாதி சொல்லியாயிற்று.

"உனக்கு எழுதல்லியா? சித்திரையிலே நடப்புதீனம் வந்துதுல்லா? வாந்தியும் பேதியும். நம்ம தெருவுல மட்டும் ஏழு பேரு. உனக்க அம்மை ரெண்டு நாளு கிடந்தா." அவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். "ஓலை எழுதியிருப்பா. தபால்ல எங்கயாவது தவறியிருக்கும் மக்கா."

உள்ளேயிருந்து ஹவில்தார் கூப்பிட்டார். ராஜையன் போய் முதுகைக் காட்டினான். மூட்டையை ஏற்றினார்கள். லாரிக்கும் கிடங்குக்குமாக எத்தனை நடை நடந்தான் என்று அவனுக்குத் தெரியாது. தபாலில் ஒன்றும் தவறவில்லை. சித்திரைக்குப் பிறகு எட்டுக் கடிதம் வந்திருக்கிறது. எட்டிலும் அம்மா கஞ்சி குடித்திருக்கிறாள். செத்துப்போய் நாலு மாதமான அம்மா முழங்காலில் தைலம் போட்டிருக்கிறாள்.

லாரி திரும்பியபோது மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கரமனை ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தான். அழுகை வரவில்லை. அம்மா செத்ததைவிட, தான் நாலு மாதமாக ஒரு பைத்தியக்காரனைப்போல் காக்கை விரட்டிச் சோறு காயப்போட்டது பெரிதாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததற்காக அவனுக்கே அவன்மேல் அருவருப்பு வந்தது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பரேடில் வலது பக்கம் திரும்பு என்றால் இடது பக்கம் திரும்பினான். முதுகில் செங்கல் மூட்டையோடு மைதானத்தைச் சுற்றி ஓடும்படி தண்டனை கொடுத்தார்கள். ஓடினான். மூன்றாம் நாள் சுபேதார் குறுப்பின் முன்னால் போய் நின்றான். குறுப்பு கொட்டாரக்கரைக்காரர். அதட்டல் பலமாக இருக்கும். ஆனால் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை.

"லீவு வேணும் சார். அம்மை இறந்துபோனா."

குறுப்பு பேனாவை வைத்தார். "எப்போ மரிச்சு? கம்பி வந்தோ?"

"கம்பி, தந்தி ஒண்ணும் வரல்ல சார். சித்திரை மாசம்."

"சித்திரையோ? இப்போ ஆவணி. நாலு மாசம் நீ எவிடெ இருந்தாய்?"

"எனக்கு இப்போதான் தெரியும் சார்."

"ராஜையா, கேள். அடக்கம் கழிஞ்சு நாலு மாசமாச்சு. நீ போய் செய்யக்கூடியது ஒண்ணும் அங்கெ இல்லை. லீவு எல்லாம் நிறுத்தியிருக்கு. பட்டாளம் வடக்கே புறப்படப் போகுதுன்னு உத்தரவு வந்தாச்சு. எனக்குத் தர அதிகாரம் இல்லை. போய் வேலையப் பாரு."

அன்று மாலை ராஜையன் கட்டிலில் உட்கார்ந்து கடிதம் எழுதினான். அவனுக்கு நாலாம் வகுப்புவரை படிப்பு உண்டு. பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினான். "பட்டாளம் வடக்கே போகிறது. போகும்முன் அம்மையைப் பார்க்க வேண்டும். வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நீயும் எஸ்தரும் அம்மையைக் கூட்டிக்கொண்டு முகாமுக்கு வரவும். அம்மையால் நடக்க முடியாது என்று சொல்ல வேண்டாம். பஸ்ஸில் திரவியத்திடம் சொல்லி இடம் பிடித்து வைக்கிறேன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை எழுதவில்லை. பூதலிங்கம் எட்டிப் பார்த்துப் படித்தான். அம்மா செத்த சங்கதியை ராஜையன் அப்போதுதான் அவனிடம் சொன்னான். "இது வேண்டாம்லே" என்றான். "கேக்கணும்னா நேரே கேட்டு எழுது. இப்பிடி எழுதாத." ராஜையன் உறையை ஒட்டினான்.

புரட்டாசி முதல் ஞாயிறு. முகாம் வாசலுக்கு வெளியே, வருகிறவர்கள் உட்காருவதற்கு ஓலைக் கொட்டகை ஒன்று உண்டு. ஊர் ஊராக ஜனங்கள் வந்திருந்தார்கள். பட்டாளம் போகப்போகிற செய்தி எல்லாரையும் இழுத்து வந்திருந்தது. மத்தியானம் ஆகும் நேரத்துக்குத் தாசம்மாள் வந்தாள். இடுப்பில் எஸ்தர். பஸ் நெய்யாற்றின்கரை மேட்டில் நின்றுபோய், எல்லாரும் இறங்கித் தள்ளியதில் அவள் காலெல்லாம் புழுதி.

ராஜையன் தகரத் தட்டில் தன் பங்குச் சோற்றோடு வெளியே வந்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறான். தாசம்மாளின் கன்னம் உள்ளே போயிருந்தது. தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு மேலே தனியாகத் தெரிந்தது. கேட்பதற்கு வைத்திருந்த கேள்வியை அவன் அப்போதே மறந்திருக்கலாம். ஆனால் ஒரு மாதமாக அதையே மென்றுகொண்டிருந்தவன், கேட்டுவிட்டான்.

"அம்மை எங்க?"

தாசம்மாள் பிள்ளையை இறக்கிவிட்டாள். தலையைக் குனியவில்லை. அவனை நேராகப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சாச்சு. தெரியாம இருந்தா இப்பிடி ஒரு கடுதாசி எழுதியிருக்க மாட்டீங்க."

"எங்கன்னு கேட்டேன்."

"கல்லறைத் தோட்டத்துல. வடக்கு மதிலு ஓரத்துல."

கொட்டகையில் எல்லாரும் பேசிக்கொண்டும் தின்றுகொண்டும் இருந்தார்கள். ராஜையன் குரலை அடக்கினான். "எட்டுக் கடுதாசி. எட்டுலயும் கஞ்சி குடிச்சான்னு எழுதிருக்க. ஒரு மனுஷியால இப்பிடிச் செய்ய முடியுமா? உபதேசியாரு எப்பிடி எழுதினாரு?"

"அவரு எழுதல்ல. இது பாவமாக்கும்னு கையெடுத்துட்டாரு. பொறவுதான் தபாலாபீஸ் பிள்ளையைக் கொண்டு எழுதிச்சேன். அவ சின்னப் பிள்ளை, சொன்னத எழுதிச்சு."

"ஏன்?"

"ஏன்னா? பட்டாளத்துக்குப் போன பொன்னையனை அறிவீங்கல்லா? அப்பன் செத்தான்னு கம்பி போச்சு. பய லீவு கேட்டான், கிடைக்கல்ல, மதிலு சாடி வந்தான். பதினோரு நாளு வீட்டுல இருந்தான். பன்னிரண்டாம் நாளு பட்டாளத்துலருந்து ஆளு வந்து கையைக் கட்டிக் கொண்டுபோனாங்க. செயிலுக்குப் போயிட்டு வந்தவன் இப்போ கல்லு ஒடைக்கான். நீங்க வந்திருக்க மாட்டீங்களா?"

ராஜையன் தட்டோடு பலகையில் உட்கார்ந்தான்.

"வந்திருப்பீங்க" என்றாள் தாசம்மாள். "அப்போ தெருவுல வீட்டுக்கு ஒண்ணு கிடந்துது. பக்கத்து வீட்டுல அம்மைக்குக் குடிக்க வெள்ளம் குடுக்க வந்த மவனும் சேர்ந்து போனான். நீங்க வந்தா நீங்களும் கிடப்பீங்க. ஒரு வாரத்துல ரெண்டு குழி பாக்க எனக்குப் பெலன் இல்ல. அதான்."

"அம்மை என்னைக் கேட்டாளா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவள் பதில் சொல்லத் தயங்கினாள். பொய் சொல்ல அவளுக்கு அப்போது ஒரு வழி இருந்தது. இல்லை, நினைவே இல்லாமல் கிடந்தாள் என்று சொல்லியிருக்கலாம்.

"ரெண்டு நாளும் ஒங்களைத்தான் விளிச்சா. கம்பி அடிக்கச் சொன்னா. அடிச்சாச்சு, வந்திட்டிருக்கான்னு சொன்னேன். வாசலை நோக்கிட்டே கிடந்தா."

ராஜையன் எழுந்தான். தட்டைப் பலகைமேல் வைத்தான். எஸ்தர் அதுவரை அவனைக் கண்டு பயந்து அம்மாவின் முந்தானையில் ஒளிந்திருந்தது. இப்போது மெதுவாக வெளியே வந்து, தட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. கையை வைக்கலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"தின்னு" என்றாள் தாசம்மாள்.

பிள்ளை இரண்டு கையாலும் அள்ளித் தின்றது. அந்த வேகத்தைப் பார்க்க முடியாமல் ராஜையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஒண்ணு கேட்டுக்கிடுதேன்" என்றாள் தாசம்மாள். குரல் இப்போது இறங்கியிருந்தது. "அம்மைக்கு அனுப்பின சோத்தை நாங்கதான் தின்னோம். இவளும் நானும். எனக்கு அது தொண்டையில எறங்காமத்தான் எறங்கிச்சு. கோவத்துல அதை நிறுத்திராதீங்க. இவளுக்காவது அனுப்பணும்."

"போயிரு" என்றான் ராஜையன். "பஸ்ஸு போயிரும்." திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு உள்ளே நடந்தான்.

பூதலிங்கம் கட்டிலில் படுத்து மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜையன் வந்து உட்கார்ந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. ராஜையனாகவே சொன்னான். கடைசியில், "அம்மை வாசலைப் பாத்துட்டே கிடந்திருக்கா" என்றபோதுதான் அழுகை வந்தது. நாலு மாதத்துக்கும் சேர்த்து அழுதான்.

பூதலிங்கம் தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் தள்ளினான். பிறகு, "அவ ஒத்தைக்கு வந்தாளா?" என்று கேட்டான்.

"பிள்ளையும்."

"கம்பி வந்திருந்தா நீ போயிருப்பியா?"

"போயிருப்பேன்."

"அம்மைக்குக் குழி வெட்டுனது ஆரு?"

ராஜையனுக்குத் தெரியவில்லை. அவன் அதைக் கேட்கவே இல்லை. அந்தத் தெருவில் தீனம் பரவியிருந்தபோது யார் உதவிக்கு வந்தார்கள், யார் தூக்கினார்கள், பிள்ளையை அப்போது எங்கே வைத்திருந்தாள், ஒன்றையும் கேட்கவில்லை. தன்னைக் கேட்டாளா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறான்.

எழுந்து வாசலுக்கு ஓடினான். கொட்டகையில் தட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. காவல்காரன், "பாஸ் எவிடெ?" என்று குறுக்கே வந்தான். ராஜையன் அவனைத் தள்ளிவிட்டு ரோட்டில் இறங்கினான். பூஜப்புரை தாண்டி, கரமனைக்குப் போகிற வழியில் அவள் நடந்துகொண்டிருந்தாள். சோறு தின்ற மயக்கத்தில் பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஓடிவரும் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டு ஒதுங்கி நின்றாள். அவன் என்று பார்த்ததும் பயந்துபோனாள்.

"பாஸ் இருக்கா?"

"பிள்ளையை இங்க தா."

தூங்கும் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனபின், "குழி ஆரு வெட்டினா?" என்று கேட்டான்.

"நானும் சபையில மணி அடிக்கிற கோயில்குட்டியாரும். வேற ஆரும் வரல்ல. மணி அடிக்கல்ல. சுண்ணாம்பு போட்டு மூடினோம். உபதேசியாரு தூர நின்னு ஜெபம் பண்ணினாரு. அவருக்கு வீட்டுல அஞ்சு பிள்ளைகளாக்கும், குத்தம் சொல்லப்படாது."

அவள் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. பார்க்கவில்லை. கரமனைப் பாலத்தருகே பஸ்ஸுக்காக நின்றார்கள். ஆற்றில் மழைத் தண்ணீர் கலங்கலாக ஓடிற்று.

"இனி எதுவானாலும் எழுதணும்" என்றான் ராஜையன். "நல்லதானாலும் கெட்டதானாலும். பிள்ளைக்கு வந்தாலும் எழுதணும். எனக்க கிட்ட மறைக்கப்படாது."

"எழுதினா ஓடி வருவீங்களா?"

அவன் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிப் போட்டான். தூரத்தில் பஸ்ஸின் கரிப்புகை தெரிந்தது.

"வரமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்போ எழுதுதேன்" என்றாள்.

பஸ்ஸில் ஏறும்போது பிள்ளை விழித்துக்கொண்டது. அவனைப் பார்த்து அழவில்லை. அது அவனுக்குப் பெரிய காரியமாகப் பட்டது. முகாமுக்குத் திரும்பியதும் பாஸ் இல்லாமல் வெளியே போனதற்கும் காவல்காரனைத் தள்ளியதற்குமாகப் பதினான்கு நாள் தண்டனை கிடைத்தது. குறுப்பு, "போனவன் எதுக்குத் திரும்பி வந்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

பட்டாளம் வடக்கே போகவில்லை. மூட்டை முடிச்சு கட்டி, லாரியில் ஏற்றி, பிறகு இறக்கச் சொன்னார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. லீவு நிறுத்தினது மட்டும் நிறுத்தினபடியே இருந்தது. மறுபடி பிகில், பரேடு, குழி. ராஜையன் வெயில் அடித்த நாட்களில் சோறு காயப்போட்டான். அடைமழையில் லங்கர் அடுப்புச் சூட்டில் வாட்டினான். ஹவில்தார் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

ஐப்பசியில், பெருமழைக்கு நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. அதே சாய்ந்த எழுத்து. "எஸ்தருக்குக் காய்ச்சல். இன்றைக்கு ஐந்தாம் நாள். குலசேகரத்து வைத்தியர் மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. கண் திறக்கிறாள், ஆனால் ஆளைத் தெரியவில்லை. எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். வேறு விசேஷம் இல்லை." தேதியைப் பார்த்தான். எழுதி நாலு நாள் ஆகியிருந்தது. அப்படியானால் இன்று ஒன்பதாம் நாள். ஒன்பதாம் நாள் பிள்ளை எப்படி இருக்கிறது என்று அந்தக் காகிதத்தில் இல்லை.

குறுப்பிடம் கடிதத்தைக் காட்டினான். தமிழ் எழுத்து தெரியாததால் அவர் பூதலிங்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஞான் மேலே எழுதிக் கேக்காம். ரெண்டு நாள் ஆகும்" என்றார். இரண்டு நாள் நான்கு நாளாயிற்று. மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. ராஜையன் சாப்பிடவில்லை. பூதலிங்கம் உருட்டிக் கொடுத்ததை வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸ் கிடைத்தது. மாலை ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும். கோட்டையில் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. திரவியம் கரி உருளையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"பிள்ளைக்கு எப்பிடின்னு அறிவியா?"

"இல்ல தம்பி. நான் சந்திப்போட சரி. மழையில அங்கருந்து ஆளு வரத்தே இல்ல." திரவியம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நீ வேணும்னா ஏறு. ஆரு பாக்கப்போறா? மூணு மணிக்கூறு. பிள்ளையக் கண்டுட்டு நாளைக்கு வெளுக்கும்போ முதல் வண்டியில கொண்டுவந்து விடுதேன்."

ராஜையன் படியில் கால் வைத்தான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தான். உள்ளே ஒரு கிழவி நகர்ந்து இடம் கொடுத்தாள். வண்டி உறுமி ஆடத் தொடங்கியது. மூன்று மணி நேரம். பிள்ளை ஆளைத் தெரியாமல் கிடந்தாலும் கையைத் தொட்டுப் பார்க்கலாம். அம்மாவுக்குக் கிடைக்காதது இதற்காவது கிடைக்கட்டும். அப்படியே தாசம்மாளின் முகமும் வந்தது. பாலத்தடியில், சத்தியமா என்று கேட்ட முகம். இப்போது போய் வாசலில் நின்றால் அவள் சந்தோஷப்படமாட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் அவள் உண்மையை எழுதமாட்டாள்.

காலை எடுத்தான். கம்பியை விட்டான்.

"நீ போ. சந்திப்புல எறங்கி, ஆரையாவது வீட்டுக்கு அனுப்பிக் கேட்டு வா அண்ணே. நாளைக்கு அரிசி லாரி சாலைக்கு வரும். நான் அதுல வருவேன்" என்றான்.

திங்கட்கிழமை லாரியில் அவன் முறை இல்லை. பூதலிங்கத்தின் முறையை மாற்றி வாங்கிக்கொண்டு போனான். திரவியம் வரவில்லை. பாறசாலை அருகே பாதையில் வெள்ளம் ஏறி வண்டி நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். செவ்வாயும் இல்லை. புதன்கிழமை பதினோரு மணிக்கு, முதுகில் மூட்டையோடு கிடங்கை விட்டு வெளியே வந்தபோது, சாலைத் தெருக் கூட்டத்தில் கரி முகம் ஒன்று அவனைத் தேடிக்கொண்டு வந்தது.

"விட்டிரிச்சு!" திரவியம் தூரத்திலிருந்தே கத்தினான். "ஞாயித்துக்கெழமையே காய்ச்ச விட்டிரிச்சாம். கஞ்சி குடிச்சுதாம்!"

ராஜையன் மூட்டையோடு அப்படியே நின்றான். பின்னால் வந்தவன் இடித்துத் திட்டினான்.

"இன்னொருக்கா சொல்லு."

"கஞ்சி குடிச்சுதுலே! தலைமயிரு கொஞ்சம் கொட்டிப்போச்சாம், அவ்வளவுதான்."

ராஜையன் மூட்டையை லாரியில் போட்டான். சக்கரத்தின் மறைவில் போய்க் குந்தி உட்கார்ந்து, முகத்தைத் தொப்பியில் புதைத்துக்கொண்டான். ஹவில்தார் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தான்.

மறுவாரம் தாசம்மாளின் கடிதம் வந்தது. முகாம் தபால்காரன் கொடுத்ததும் நின்ற இடத்திலேயே பிரித்தான்.

"எஸ்தருக்குச் சுகம். எழுந்து உட்காருகிறாள், நடக்கவில்லை. மழையில் மேற்குச் சுவர் இடிந்துவிட்டது, ஓலை வைத்து மறைத்திருக்கிறேன். எனக்கு இரண்டு நாளாக இருமல். மறைக்க வேண்டாம் என்றீர்கள். நீங்கள் வராமல் இருந்தது நல்லது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு தடவை வாசலில் போய் நின்று பார்த்தேன். மரச்சீனி பிடுங்கியாயிற்று. சோறு கிடைத்தது."